கரையாத எண்

கல்லடிக் கடற்கரை. விடியப்புறம் ஐந்தே கால்.
புயத்தில் கறுப்பு மையால் நூற்றுப் பதினேழு
எழுதிவிட்டாள் ஒரு பிள்ளை.
அழியாது மிஸ், என்றாள்.
அழியும். போன வருசம் வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்,
பாதியை உப்பு தின்னும், மீதியை வியர்வை.

கடல் கண்ணுக்குத் தெரியவில்லை.
கல் லொறி ஒன்று கொட்டிக்கொண்டே
இருக்கிற சத்தம் மட்டும்.

ஒலிபெருக்கியோடு கதிரையில் ஏறினார் ஷெல்டன் பார்தலோட்.
நீச்சல் இல்லை.
மிதவை மூன்றும் ராத்திரியே அறுந்துபோயிற்று,
ஒன்று நாவலடியில் கிடக்கிறதாம்,
ஒன்றை நாய் காவல் காக்கிறதாம்,
மற்றது எங்கே என்று கடலுக்குத்தான் தெரியும்.
வாவியில் நீந்தலாமே, என்றது ஒரு குரல்.
வாவியா?
முகத்துவாரம் வெட்டி நாலு நாள்.
படுவான்கரை வெள்ளமெல்லாம் ஆற்றுவாழையை இழுத்துக்கொண்டு
பாலத்துக்குக் கீழே ஓடுகிறது, கேட்கவில்லையா?
வலையிறவில் முழங்கால் தண்ணீர்,
ஆகவே சைக்கிளும் வவுணதீவு போகாது.
மூன்று கிலோமீற்றர் ஓட்டம்,
பாலத்தில் எட்டுச் சுற்று,
மறுகா பத்துக் கிலோமீற்றர், திரும்பவும் ஓட்டம்.

அல்ஹம்துலில்லாஹ், என்றாள் காத்தான்குடி றிஸ்மினா.
பொடியன்மார் விசிலடித்தார்கள்.
என் கை மட்டும் தட்டவில்லை.

எட்டு மாதமாய்ப் பயந்து பழகியவள் நான்.
ஞாயிறு ஞாயிறாய் பஸ் பிடித்துப் போய்
நடக்க நடக்க ஆழமாகாத பாசிக்குடாவில்
முதலில் இடுப்பு, பிறகு கழுத்து,
பிறகு கண்ணைத் திறந்தபடி முகம்.
மறுகா இதே கல்லடியில்
வருகிற அலைக்குக் கீழே தலையைக் கொடுக்க,
நாற்பத்தொரு வயதில்.
பயத்தைச் சீட்டுக்காசு போலக் கட்டிக்கொண்டு வந்தேன்.
என் முறை வந்த அன்றைக்கு
சீட்டுப் பிடித்தவள் ஊரில் இல்லை.

ஓடினோம். ஓட்டம் எனக்கு வராது.
கழுத்தில் நீச்சல் கண்ணாடி தொங்குவதே
இரண்டாம் கிலோமீற்றரில்தான் தெரிந்தது,
கழற்றவில்லை.

பாலத்தில் வாடை விலாவில் அடித்தது.
சைக்கிளைச் சரித்துப் பிடித்தால்தான் நேராய்ப் போகும்.
எட்டுத் தரம் வாவியைக் கடந்தேன்,
ஒரு துளி நனையாமல்.
ஐந்தாம் சுற்றில், தூண்டிலோடு கைபிடியில் சாய்ந்திருந்த ஒருவர்,
எத்தினை தரம் புள்ளே போறாய்,
அங்கால எதையும் மறந்து வச்சிட்டு வந்தியா?
ஓம் என்று கத்தினேன்.
காற்று அதைக் கொண்டுபோயிற்று.

கடைசி ஓட்டத்தில் எட்டாவது கிலோமீற்றர்,
றிஸ்மினா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நானும் நடந்தேன்.
என்ன கா, மூஞ்சய உம்மெண்டு வச்சிருக்காய்?
நீந்த ஏலாமப் போச்சு.
அவள் நின்று என்னைப் பார்த்தாள்.
அந்தக் கடலிலயா? உனக்கென்ன விசரா?
பிறகு, கொஞ்சத் தூரம் போன பிறகு,
நானும் ராவெல்லாம் கண்ண மூடயில்ல கா,
எனக்கெண்டா இப்பதான் பசிக்குது, என்றாள்.

அறுபத்து நாலு பேரில் ஐம்பத்தொன்று.
பதக்கத்தில் மூன்று உருவம்,
முதலாவது கையைத் தூக்கி நீந்துகிறது.
போன மாதம் வார்த்தது,
காற்றைப் பற்றி அதற்கு என்ன தெரியும்.

எல்லாரும் சோற்றுப் பார்சலுக்குப் போனபின்
அலைவாய்க்குப் போனேன்.
சிவப்புக் கொடி கிழிந்து பறந்தது.
கணுக்கால் நனைவதற்குள் விசில்.
கரையோரக் காவல் பொடியன்,
கையால் காட்டினான்: பின்னுக்கு, பின்னுக்கு.
அவன் சொன்னது சரி. அலை
என்னைவிட இரண்டு ஆள் உயரம்.
சரியென்று தெரிந்தும் கொஞ்ச நேரம்
அங்கேயே நின்றேன்.

திங்கட்கிழமை, ஆரையம்பதி, கூட்டுறவு வங்கி, இரண்டாம் கவுண்டர்.
சவர்க்காரம் போட்டும் தேய்த்தும் போகாத
நூற்றுப் பதினேழு, சேலைத் தலைப்புக்கு வெளியே.
அடகு நகை மீட்க வந்தவர்
ரசீதை நீட்டியபடி பார்த்தார்.
இது என்ன பிள்ளை, டோக்கனா?

ஓம், என்றேன்.
இன்னும் கூப்பிடயில்ல.